முந்நூற்று முப்பத்தொன்பது தையல்

பத்து மணி என்று போனில் சொன்னீர்கள். இப்போது பத்து இருபத்தைந்து. பாண்டிச்சேரியில் இருந்து வருகிறவருக்கு இருபத்தைந்து நிமிடம் பெரிதில்லை போலிருக்கிறது. சரி, வந்துவிட்டீர்கள். செருப்பைப் படியிலேயே விடுங்கள். நீங்கள் பார்க்க வந்த படகுப் பாயை மாடி முழுக்க விரித்திருக்கிறேன். மிதித்தீர்கள் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

விளம்பரம் கொடுத்தது நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி செலஸ்டி கொடுத்தது. 'சிவப்புப் பலூன் பாய், ஒரே ஒரு முறை கட்டியது' என்று போட்டிருக்கிறாளாம். ஒரு முறை இல்லை, நான்கு முறை. கரையோரம் பழக்கம் பார்க்க மூன்று, போட்டியில் ஒன்று. இரண்டு வரி விளம்பரத்தில் ஒரு தப்பு. அவளிடம் கேட்கலாம் என்றால் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே என் மகன் ஜெரோம் வீட்டுக்குப் போய்விடுவாள். மூன்று மணிக்குத்தான் வருவாள். அதனால் உங்களுக்குக் காப்பி கிடைக்காது. தண்ணீர் அந்தக் குடத்தில் இருக்கிறது.

மகன் வீடு தூரமா என்று கேட்கிறீர்களா? இதே தூத்துக்குடிதான். இங்கிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு வைத்தால் போதும். வாசல் வரைக்கும் எண்ணியிருக்கிறேன். உள்ளே போனதில்லை.

என்ன தம்பி, வந்ததும் அந்த ஒட்டுத் துணியைத்தான் பார்க்கிறீர்கள்? பாய் முழுக்க இருக்கிறது, பார்க்க. நாற்பது இடத்தில் வாய் வைத்து ஊதிப் பார்த்து வாங்கிய துணி அது. ஓர் இடத்தில்கூட மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. ஊதினால் காற்று ஊடுருவிப் போகிற துணி செத்த துணி. விரலால் கசக்கிப் பாருங்கள், மொறுமொறுவென்று சத்தம் வரும். துவண்டு கிடந்தால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம். ஊசி முனை அளவு துளை பதினொன்று இருக்கிறது. அவற்றைச் சுற்றி நானே பென்சிலால் வட்டம் போட்டு நம்பர் எழுதியிருக்கிறேன். அப்புறம் இந்த ஒட்டு. முப்பது அங்குல நீளம், நாலு அங்குல அகலம். சுற்றிவர அறுபத்தெட்டு அங்குலம், அங்குலத்துக்கு ஐந்து தையல். முந்நூற்று நாற்பது வர வேண்டும். முந்நூற்று முப்பத்தொன்பதுதான் இருக்கிறது.

நான் எண்ணினால் தப்பாது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் டேலி கிளார்க். தோணியில் ஏறுகிற மூட்டையை எண்ணுவதுதான் வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் என் கோட்டை ஒருத்தனும் திருத்தியதில்லை. கிழிந்த மூட்டை, நனைந்த மூட்டை எல்லாவற்றையும் ரசீதிலேயே குறித்துத்தான் கொடுப்போம். வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? குறிக்காமல் கொடுத்தால்தான் குற்றம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தப் பாயை நீங்கள் எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்பதை நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். நீங்கள் இல்லை, நான் முடிவு செய்வேன்.

எங்கள் படகின் பெயர் 'கார்மேல்'. இருபத்துநான்கு அடி. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப் போனது, ஏலத்தில் வந்தது. நானும் என் மனைவியின் தம்பி பர்னபாஸும் சேர்ந்து எடுத்தோம். பர்னபாஸ் இருபத்திரண்டு வருடம் கொழும்புத் தோணியில் தண்டலாக இருந்தவன். தோணிக்குத் தலைவன். அதனால் கடல் தெரியும் என்று அவனுக்கு ஓர் எண்ணம். அவன் சுக்கான் பிடிப்பான். நான் முன்னால் நின்று பாயைப் பார்ப்பேன். ஜெரோம் கயிறு பிடிப்பான். மொத்தம் மூன்று பேர்.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பதினான்காம் தேதி மணப்பாட்டில் இருந்து தூத்துக்குடி வரைக்கும் பாய்ப் படகுப் போட்டி. மொத்தம் ஆறு படகு. அப்போது கச்சான் காற்று, தெற்கும் மேற்குமாகப் பின்னால் இருந்து தள்ளும். பின்காற்றுக்குப் பலூன் பாய் வேண்டும். மற்ற ஐந்து படகிலும் இருந்தது, எங்களிடம் இல்லை. இரண்டு வருடம் ஓடினோம். இரண்டு வருடமும் ஆறாவது.

ஏன் ஆறாவது? பாய் இல்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் நோட்டில் இருக்கிறது. ஜெரோம் படகில் செய்த தப்புகளை எழுதி வைத்தேன். திட்டுவதற்கு இல்லை. எனக்குத் திட்ட வராது, சத்தம் போடவும் வராது. எழுதத்தான் வரும். கயிற்றைச் சுருட்டாமல் போட்டது, ஒன்பது. கயிற்றைத் தாமதமாக விட்டது, பதினான்கு. சொன்னதைத் திரும்பக் கேட்டது, பதினொன்று. கரையைப் பார்த்துக் கையசைத்தது, ஏழு. வேலை நேரத்தில் பாட்டுப் பாடியது, ஐந்து. மொத்தம் நாற்பத்தாறு.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அக்டோபர் இருபத்துநான்கு, அவனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் ஆலந்தலை, பெயர் ரெனிட்டா. விருந்தில் மாப்பிள்ளையின் அப்பா நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டார்கள். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையில் ஒரு காகிதம் இருந்தால் எப்படியாவது வாசித்துவிடுவேன். சட்டைப் பையில் இருந்த காகிதம் அந்த நோட்டுதான்.

வாசித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கேயும் முதலில் சிரித்தார்கள். சரக்கைக் கைமாற்றுகிறபோது எந்த மூட்டையில் என்ன கிழிசல் என்று சொல்லித்தானே கொடுக்க வேண்டும்? அப்படித்தான் வாசித்தேன். கயிறு ஒன்பது, சிரிப்பு. தாமதம் பதினான்கு, சிரிப்பு. கையசைத்தது ஏழு, அதைத் தேதிவாரியாக எழுதியிருந்தேன், தேதிவாரியாக வாசித்தேன். இடம், வீரபாண்டியன்பட்டினம் கரை.

பெண்ணின் அத்தை ஒருத்தி முன் வரிசையில் இருந்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"ஏ ரெனிட்டா, ஒன்னய அவன் பாக்க வந்ததே போன மார்ச்சுலதான? இவரு வாசிக்கது அதுக்கு முந்துன வருசமுல்லா? வீரபாண்டியன்பட்டினத்துல யாரு கெடக்கா கையாட்டுறதுக்கு?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தப்பு யாருடையது சொல்லுங்கள். கேள்வி கேட்டது அந்த அம்மாள். நான் வாசித்ததில் ஒரு தேதிகூடப் பிசகில்லை. ஜெரோம் மேடையில் இருந்து இறங்கி வந்தான். என் கையில் இருந்து மைக்கை வாங்கினான். அதை அணைத்தான். மேசைமேல் வைத்தான். போய் உட்கார்ந்துகொண்டான். பாட்டு ஐந்தை நான் வாசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. தனி வீடு பார்த்துப் போய்விட்டான்.

பாய் வாங்கக் கொச்சிக்குப் போனது அடுத்த ஜூன் பதினைந்து. நானும் பர்னபாஸும் போனோம். அங்கே குரியாக்கோஸ் என்று ஒருவன், கப்பல்காரர்கள் கழித்துப் போடுகிற பழைய பாய்களை வாங்கி விற்கிறவன். கொட்டுகிற மழை. பாயை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வழியில்லை. அவன் சரக்குக் கிட்டங்கியில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பாய் இருந்தது.

ஒன்று வெள்ளையும் நீலமும். கொஞ்சம் சின்னது. அதன்மேல் நீளமாக ஓர் உறை, காலுறை மாதிரி. கயிற்றை இழுத்தால் உறை கீழே இறங்கிப் பாயை விழுங்கிவிடும். ஒரே ஆள் இழுத்து அடக்கலாம். ஆனால் ஒட்டு. எண்ணினேன். பதினேழு ஒட்டு. பதினேழு! பிச்சைக்காரன் சட்டை மாதிரி இருந்தது.

இன்னொன்று இது. ஒட்டே கிடையாது. பெரியது. கூடவே நீளக் கழி ஒன்று, பாயின் ஒரு முனையை வெளியே தள்ளிப் பிடிக்க. உறை கிடையாது. சுக்கானுக்கு ஒருவன், கழிக்கு ஒருவன், கயிற்றுக்கு ஒருவன் என்று மூன்று பேர் வேண்டும்.

நான் இதை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரியாக்கோஸ் பக்கத்தில் நின்று, "சேட்டா, இது பாயோ பலூனோ? ஊதி ஊதி நெஞ்சு நோவும்" என்றான். நான் அப்போது இருபத்தாறாவது இடத்தில் இருந்தேன்.

பர்னபாஸ் வெள்ளைப் பாயின் உறையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சின்னப் பிள்ளை மாதிரி.

"மச்சான், இத எடுப்போம்."

"ஒட்டு பதினேழு."

"ஒட்டு இருந்தா இருந்துட்டுப் போவுது. நல்லாத் தைச்சிருக்கான். ஒட்டுப் போட்ட எடம் புதுசவிட ஒறப்பா இருக்கும். நாம ரெண்டு பேருல்லா?"

"மூன்று பேர்."

"மூணாவது யாரு?"

"ஜெரோம்."

பர்னபாஸ் உறையைக் கையில் இருந்து விட்டான். "மச்சான், அவன் ஒம்ம கூடப் பேசி எட்டு மாசமாச்சு."

"ஏழு மாதம் இருபத்திரண்டு நாள்."

"நல்லா எண்ணும்," என்றான். "பாய்க்கு ஆளு வேணும்வே. ஆளு இல்லாம எண்ணிக்க மட்டும் வச்சி என்ன செய்ய?"

இவன் பேச்சைக் கேட்டீர்களா? பிறவியிலேயே வாய். நான் இதை எடுத்தேன். ரயிலில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் என்னுடன் பேசவில்லை. பேசாவிட்டால் எனக்கு நல்லதுதான்.

ஆகஸ்ட் வந்தது. செலஸ்டியிடம், ஜெரோமை மணப்பாட்டில் காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. ஆயிரத்து நூத்தி நாப்பது எட்டுதான?" என்றாள். ஆனாலும் போய்ச் சொன்னாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"சிரிச்சான்."

"எவ்வளவு நேரம்?"

"போங்க அங்கிட்டு," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சிரித்தான் என்றால் வருகிறான் என்றுதானே அர்த்தம்? நீங்களும் அப்படித்தானே எடுத்துக்கொண்டிருப்பீர்கள்? நான் மூன்று தொப்பி எடுத்து வைத்தேன். மூன்று மிதவைச் சட்டை. மூன்று பொட்டலம் இட்லி.

ஆறு மணிக்கு வந்தான். கடற்கரை மணலில் அவன் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இடது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் நடப்பான், இடது கைக்காரன். நான் மூன்றாவது மிதவைச் சட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் எங்களைத் தாண்டிப் போனான். பதினெட்டு எட்டுத் தள்ளி. அங்கே ஒரு பச்சைப் படகு நின்றது, ரெனிட்டாவின் அப்பாவுடையது. அதில் ரெனிட்டா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், சுக்கானில். பெண்பிள்ளை சுக்கானில்! படகில் அவனும் அவளும் மட்டும். இரண்டே பேர்.

பர்னபாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"காத்து கூடிக்கிட்டே வருது மச்சான்," என்றான்.

கொடி இறங்கியது. ஆறு படகும் கிளம்பின. பச்சைப் படகில் ஜெரோம் ஒரு கயிற்றை இழுத்தான். உறை மேலே போனது, வெள்ளையும் நீலமுமாகப் பாய் விரிந்தது. எனக்குத் தூரப்பார்வை இன்னும் நன்றாகவே இருக்கிறது. எண்ணினேன். பதினேழு. நான் வேண்டாம் என்று தள்ளிய பாய். அந்தப் பாய் கொச்சியில் இருப்பதை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கொச்சிக்குப் போனது இரண்டு பேர். அதில் நான் சொல்லவில்லை. ஒன்றைக் கழித்தால் மிச்சம் ஒன்று. என் படகில் என் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"செவப்ப மூட்டையிலயே வையும் மச்சான்," என்றான் பர்னபாஸ். "இருக்கிற பாயே போதும். ஆறாவது வந்தா வந்துட்டுப் போறோம், புதுசா என்ன?"

திருச்செந்தூர் கோபுரம் தெரிகிற வரைக்கும் பொறுத்தேன். அதுவரை ஆறாவது. அப்புறம் நான் முன்னால் போய்ச் சிவப்பை ஏற்றினேன். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. தனி ஆளாகக் கழியைப் பொருத்தி, பாயை ஏற்றி, மூன்றாவது ஆள் கையில் இருக்க வேண்டிய கயிற்றை, தாமான் என்போம், பாயின் கீழ்முனையில் இருந்து வருவது, அதைப் பக்கத்து இரும்புக் கொம்பில் கட்டினேன். எந்த அளவில் பாய் நன்றாக நிற்கிறது என்று பழகும்போதே பார்த்துக் கயிற்றில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். அந்த அடையாளம் நகராமல் இருக்க மூன்று முடிச்சு. ஜெரோமாக இருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டே தளர்த்திவிடுவான். முடிச்சு பாடாது.

தம்பி, அந்தப் பாய் எழுந்து நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. ஐந்தாவது ஆனோம். நாலாவது. காயல்பட்டினத்துக்கு நேரே மூன்றாவது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஓடியதில் இரண்டாவது. எங்களுக்கு முன்னால் பச்சைப் படகு மட்டும். இதுவரைக்கும் நான் செய்ததில் ஏதாவது தப்பு இருக்கிறதா? இல்லை.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேருகிற இடத்தில் காற்று ஒரு வீச்சு வீசியது. படகு சுக்கானை மீறித் திரும்பியது. பக்கவாட்டில் சாய்ந்தது. அந்த நேரத்தில் தாமானை விட வேண்டும். விட்டால் பாயில் இருக்கிற காற்று கொட்டிப் போய்ப் படகு நிமிர்ந்துவிடும்.

"தாமான விடும்! விடும்வே மச்சான், விடும்!"

முடிச்சு இறுகிக் கல்லாகக் கிடந்தது. நகம் இரண்டு பெயர்ந்ததுதான் மிச்சம். பர்னபாஸ் சுக்கானை விட்டுவிட்டுக் கத்தியோடு வந்தான். சுக்கானை விடலாமா? அவன் விட்டான். கழி சுழன்று வந்து அவன் மணிக்கட்டில் அடித்தது. கத்தி கடலில் போனது. படகு முழுதாகப் படுத்தது. நான் தண்ணீரில் இருந்தேன்.

தண்ணீரில் இருந்து பார்த்தேன், முன்னால் போன பச்சைப் படகில் ஜெரோம் எழுந்து நின்றான். உறையின் கயிற்றை இழுத்தான். வாயில் உப்புத் தண்ணீரோடு எண்ணினேன். ஒன்பது எண்ணுவதற்குள் பாய் முழுதும் உறைக்குள் போய்விட்டது. ஒன்பது. அந்தப் பெண் படகைத் திருப்பினாள். சுக்கானை இடுப்பால் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டு, எதிர்க்காற்றில், நேரே என்மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு கையால் என் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள்.

"மாமா, இதையும் நோட்டுல எழுதிக்கிடுங்க," என்றாள்.

மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம், படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெரோம் கார்மேலில் தாவி ஏறி, தாமானை ஒரே வெட்டில் அறுத்தான். பாய் கழியில் சுற்றிக்கொண்டு தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தது. அவன் கத்தியைப் பாயில் வைத்தான். "பாயை அறுக்காதே, ஒட்டே இல்லாத பாய் அது" என்று கத்தினேன்.

"பேசாம இருங்கப்பா," என்றான். முப்பது அங்குலம் அறுத்தான். படகு நிமிர்ந்தது.

ஒன்பது மாதம் இருபத்தொரு நாளில் அவன் என்னிடம் பேசியது இரண்டு சொல். பேசாம, ஒன்று. இருங்கப்பா, இரண்டு. கரை வந்து சேரும் வரைக்கும் வேறு எதுவும் சொல்லவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு வந்ததில் அவன் படகு ஐந்தாவது. நாங்கள் கணக்கிலேயே இல்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். போட்டியில் முதலாவதாகப் போகிறவன் திரும்பி வரலாமா? இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஜெயித்திருப்பான். எனக்கு மிதவைச் சட்டை இருந்தது. பின்னால் நாலு படகு வந்துகொண்டிருந்தது. யாராவது எடுத்திருப்பார்கள். பதினேழு ஒட்டுப் பாயை வைத்துக்கொண்டு முதலில் போனான், அதைக் கெடுத்துக்கொண்டான். அது தப்புதானே? நாற்பத்தேழாவது தப்பு.

இதோ நோட்டு. பாருங்கள். நாற்பத்தேழு என்று நம்பர் போட்டிருக்கிறேன். தேதி போட்டிருக்கிறேன். இடம், புன்னைக்காயல். அதற்குப் பிறகு காலியாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். பேனா எழுதவில்லை. ஆறு மாதமாக எழுதவில்லை.

பர்னபாஸுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவன் அதைத் தொடவில்லை.

"வராத ஆளுக்குக் கயித்தக் கட்டி வச்சி ஓட்டுன மனுசன நான் இப்பத்தான் பாக்கேன்," என்றான். "கடல்ல கையில புடிக்க வேண்டிய கயித்துல முடிச்சுப் போடுவானா ஒருத்தன்? ஒரு முடிச்சு இல்ல, மூணு! அந்தப் பய வந்திருந்தாலும் அவன் கையில கயித்தக் குடுத்திருக்க மாட்டீரு. அதான் ஒம்ம வெசயம்."

வலியில் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவனும் இங்கே வருவதில்லை. இப்போது கட்டுப் பிரித்துவிட்டார்களாம். ஜெரோம் படகில்தான் போய் உட்கார்ந்திருக்கிறானாம். ஆக அங்கே மூன்று பேர். இரண்டு பேர் பாயில் மூன்று பேர். இங்கே மூன்று பேர் பாய், நான் ஒருவன்.

கிழிந்த பாயை மாடியில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் காணவில்லை. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, இந்த ஒட்டோடு.

"கடையில குடுத்துத் தைச்சேன்," என்றாள் செலஸ்டி.

"எந்தக் கடை?"

"கடைன்னா கடை."

தூத்துக்குடியில் எந்தக் கடைக்காரன் இப்படித் தைப்பான்? தையலைப் பாருங்கள். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வலது கைக்காரன் தைத்தால் வலப்பக்கம் சாயும். அங்குலத்துக்கு ஐந்து, ஐந்து, ஐந்து என்று கோடு போட்ட மாதிரி. எங்கள் துறைமுகத்தில் சாக்குத் தைக்கிறவர்கள்கூட இவ்வளவு சீராகத் தைத்ததில்லை. இந்தப் பொறுமை படகில் இருந்திருந்தால் நோட்டே தேவைப்பட்டிருக்காது.

என்ன சொன்னீர்கள்?

ஒட்டு மட்டும் இல்லாவிட்டால் உடனே எடுத்துக்கொண்டு போயிருப்பீர்களா?

தம்பி, ஒட்டைப் பார்த்துப் பாய் எடுக்கிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நன்றாகத் தைத்த ஒட்டு புதுத் துணியைவிட உறுதி. இதுகூடத் தெரியாமல் பாண்டிச்சேரியில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். அது போகட்டும், உங்கள் படகில் எத்தனை பேர்? நீங்களும் உங்கள் மனைவியும். அவ்வளவுதானே? மூன்றாவதாக யாராவது? இல்லை. மச்சினன் வருவான், நண்பன் வருவான் என்று சொல்லாதீர்கள். வருகிறவர்களை எண்ணாதீர்கள், இருக்கிறவர்களை எண்ணுங்கள். இரண்டு பேருக்கு உறை உள்ள பாய்தான். சின்னதாகப் பாருங்கள். ஒட்டு பதினேழு இருந்தாலும் இருபது இருந்தாலும் எடுங்கள். ஒரே கையால் இழுத்து ஒன்பது எண்ணுவதற்குள் அடக்க வேண்டும். இதைச் சொல்லத் தண்டல் வேலை பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. கொஞ்சம் புத்தி இருந்தால் போதும். கொச்சியில் குரியாக்கோஸிடம் போங்கள். தொபியாஸ் அனுப்பினார் என்று என் பெயரைச் சொல்ல வேண்டாம், விரட்டிவிடுவான்.

இந்தப் பாய் உங்களுக்கு இல்லை. விளம்பரம் கொடுத்தவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோபப்பட்டால் படுங்கள். இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தவருக்குக் கோபப்பட உரிமை இல்லை.

போகிற வழியில் எனக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போங்கள். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி நேரே போனால் ஐஸ் கம்பெனி. அதை ஒட்டிப் பச்சைக் கதவு போட்ட வீடு. உள்ளே போக வேண்டாம், வாசலில் நின்று கூப்பிட்டால் வருவான். நான் அனுப்பியதாகச் சொல்லாதீர்கள். பாய் பார்க்க வந்தேன், ஒட்டில் ஒரு தையல் குறைகிறது என்று சொல்லுங்கள். மேல்வரிசையில், இடது மூலையில் இருந்து பதினோராவது அங்குலம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நாலு. தைத்தவனே வந்துதான் போட வேண்டும், வேறு கை பட்டால் சாய்வு மாறிவிடும் என்று சொல்லுங்கள். ஊசியும் மெழுகு நூலும் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். ரெனிட்டா வேண்டுமானாலும் கூட வரட்டும்.

ஏன் குனிகிறீர்கள்? அங்கே என்ன பார்க்கிறீர்கள்?

ஊசி போன துளை இருக்கிறது, நூல் மட்டும் இல்லை என்கிறீர்கள்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது உங்களுக்கு. மூட்டை எண்ணப் போயிருக்கலாம். ஆமாம், துளை இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு கோட்டைக்கூட மாற்றிப் போட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்று செலஸ்டி சொன்னது வியாழக்கிழமை. வியாழக்கிழமை காலை வரைக்கும் முந்நூற்று நாற்பது இருந்தது. போதுமா?

துளையைப் பற்றி அங்கே பேச வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.